வென்டிலேட்டரும் வயிற்றுக்குப் போகும் ரத்தமும்

பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, மயக்கவியல் துறைத் தலைவர் அவர்களே, இரவுப் பணி முடித்த கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியச் சகோதரிகளே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த விழாக்குழுவுக்குத் தனி நன்றி.

குடல், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இன்று குடலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு குடலுக்கும் கல்லீரலுக்கும் போகிறது. தமனி ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் இருக்க வேண்டும். வென்டிலேட்டர் அதிகமாக ஊதி அதை 25க்கு இறக்கினால், குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. போய்ச் சேரும் ஆக்ஸிஜனையும் ஹீமோகுளோபின் எளிதில் விடுவதில்லை. விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரோ 99 காட்டும்! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

1908 வாக்கில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் யாண்டெல் ஹென்டர்சன் என்ன செய்தார் தெரியுமா? நாய்களுக்குச் செயற்கை மூச்சை வேகவேகமாகக் கொடுத்தார். காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் விழுந்தது, நாய்கள் துவண்டன. ரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலை எல்லாவற்றுக்கும் கரியமில வாயுக் குறைவுதான் காரணம் என்றார் அவர். அந்தக் கொள்கை நிற்கவில்லை. அழுத்தி ஊதும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமே குறைகிறது என்பது இன்று நமக்குத் தெரியும். இருந்தாலும், ஊதுவதிலும் அளவு வேண்டும் என்பதை அந்த நாய்கள் காட்டிவிட்டன.

நம் வார்டுக்கு வருவோம். 160 சென்டிமீட்டர் உயரம், 80 கிலோ எடையுள்ள ஓர் ஆண். கிலோவுக்கு எட்டு மில்லி என்று 80ஐ எட்டால் பெருக்கி, ஒரு மூச்சுக்கு 640 மில்லி வைத்து, நிமிடத்துக்கு 16 மூச்சு கொடுத்தால், நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தாண்டிவிடும். நுரையீரல் எடைக்கு ஏற்ப வளர்வதில்லை ஐயா! உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் அவருக்கு உரிய எடை 57 கிலோ. கிலோவுக்கு ஏழு மில்லி என்றால் 400; 14 மூச்சுக்கு 5.6 லிட்டர். அங்கே தொடங்குங்கள்.

கரியமில வாயு சற்று ஏறினால் இதய வெளியேற்றம் கூடும், குடலுக்கும் ரத்தம் கூடும். அதற்காக ஏற்றிவிடக் கிளம்பாதீர்கள். தலைக்காயம் உள்ளவருக்கு மூளை அழுத்தம் எகிறும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவின் அளவைக் காட்டும் கருவி கேப்னோகிராஃப். வென்டிலேட்டர் உள்ள ஒவ்வொரு படுக்கைக்கும், தாலுகா மருத்துவமனை உட்பட, அது வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மூச்சின் முடிவில் அது காட்டும் எண், தமனி அளவைவிட வழக்கமாக 2 முதல் 5 வரை குறைந்திருக்கும். நுரையீரல் கெட்டிருந்தால் இடைவெளி இன்னும் விரியும். ஆகவே வென்டிலேட்டர் அமைப்பை மாற்றிய அரை மணியில் ஒரு ரத்த வாயுப் பரிசோதனை எடுத்து, இடைவெளியைக் குறித்து வையுங்கள். எண் திடீரென விழுந்தால் உடனே மூச்சு எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள். முதலில் மூச்சுக் குழாய், அடுத்து ரத்த அழுத்தம், பிறகு கருவிக்கு மூச்சுக் காற்றை எடுத்துச் செல்லும் மாதிரிக் குழலில் தேங்கிய நீர் என்று பாருங்கள்.

மனு வாசலில் இருக்கிறது. முதல்வர் ஐயாவே முதல் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார். பெயருடன் உங்கள் வார்டில் எத்தனை வென்டிலேட்டர், எத்தனை கேப்னோகிராஃப் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.