மூன்றாவது மாத்திரை மட்டும் வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை, இருபது வருஷமாக மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன், அதனாலேயே டாக்டரிடம் சொல்லாததை எல்லாம் என்னிடம் சொல்வார்கள்.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். சுகருக்கு வாங்கினார், பிரஷருக்கு வாங்கினார், சீட்டில் மூன்றாவதாக இருந்த அடோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இது வேண்டாம் தம்பி" என்றார். ஏன் ஐயா என்றால், "கொழுப்புதான் நார்மல் ஆயிடுச்சே" என்று மஞ்சள் பையிலிருந்து லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். அந்த நார்மலே மாத்திரையால் வந்ததுதான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும், ஏனென்றால் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பேதான், முக்கியமாகக் கல்லீரல்தான் தயாரிக்கிறது, நாம் வடை தின்பதை விட்டுவிட்டோம் என்பதற்காக அது கடையைச் சாத்துவதில்லை. இதை அவருக்கு முதல் நாளே யாராவது சொன்னார்களா? "ராத்திரி ஒண்ணு", அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பல்வலிக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் தெரியும். கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. அது செய்கிற நல்லது கண்ணில் படாது, பழி மட்டும் சுலபமாக விழும். முழங்கால் வலியா, இதுதான். தூக்கம் இல்லையா, இதுதான். அப்புறம் உடம்புச் சூடு, கிட்னி போய்விடும், மச்சான் அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோ.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 'சாம்சன்' என்று பெயர், 2020இல் முடிவு வந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை, அதாவது இந்த வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையை, நிறுத்திவிட்ட 60 பேர், ஆளுக்குப் பன்னிரண்டு பாட்டில். நான்கில் நிஜ மாத்திரை, நான்கில் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு காலி, மாதத்துக்கு ஒன்று. தினமும் உபாதைக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று மொபைலில் மதிப்பெண் போட வேண்டும். காலி மாதங்களில் சராசரி 8, நிஜ மாத்திரைக்கு 16.3. போலிக்கு? 15.4! வலி பொய்யில்லை, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணமே அதில் பெரும்பங்கைக் கொண்டுவந்திருக்கிறது. தங்கள் கணக்கைப் பார்த்த பிறகு பாதிப் பேர் திரும்பப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இதற்காக எல்லா வலியும் மனப்பிரமை என்று சொல்லிவிடாதீர்கள், எனக்கு அதில் கோபமே வரும். சிலருக்கு நிஜமாகவே தசை வலி வரும், சிலருக்குச் சுகர் கொஞ்சம் ஏறும். தசை வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மற்றபடி அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், வழி இருக்கிறது. சொல்லாமல் நிறுத்தினால் அந்த வழியெல்லாம் தெரியாமலே போகும்.

சரி, நம் பெரியவர். ரிப்போர்ட்டு வெறும் சாக்கு, நிஜக் காரணம் கெண்டைக்கால் இழுப்பு என்று அடுத்த தடவைதான் வாய் திறந்தார். டாக்டரிடம் அனுப்பினேன். அவர் இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொன்னார், நிறுத்தியும் இழுப்பு போகவில்லை. இப்போது ரோசுவாஸ்டாட்டின் என்ற வேறு ஸ்டாட்டின், 5 மில்லிகிராம் மாத்திரை, வாங்குகிறார். ஆனால் முழு மாதத்துக்கு வேண்டாமாம், ஒரு அட்டை, பத்து மாத்திரை, அதற்கு மேல் நம்பிக்கை இல்லை. நாளையோடு அது தீர்கிறது, வருகிறாரா பார்க்கிறேன்.