இரண்டாம் முறை வரையும்போது

(ஓவியமும் கதையும் பழகும் இளைஞர்களுக்காக ஒரு நூலக மாடியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது. பின்வரிசையில் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், கத்திப் பேசிவிடுகிறேன்.

சொந்தமாக ஒரு பாத்திரத்தை உருவாக்குவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் தொடங்கும் முன் உங்களில் ஏழெட்டுப் பேர் நோட்டைக் கொண்டுவந்து காட்டினீர்கள். நன்றாகவே வரைகிறீர்கள். உங்கள் வயதில் எனக்கு அந்தக் கை கிடையாது. ஆனால் புரட்டப் புரட்ட ஒன்று கண்ணில் பட்டது. பக்கத்துக்கு ஒரு புது ஆள். வாளோடு ஒருத்தன், இறக்கையோடு ஒருத்தி, ஒரு கண்ணில் தழும்போடு ஒருத்தன். எல்லோரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நேராக நின்று நம்மைப் பார்க்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு பக்கத்தில் வந்த நோட்டு ஒன்றே ஒன்றுதான். வாளோடு நிற்பவனை வரைந்த தம்பியிடம், "இவன் இட்லி சாப்பிட்டால் எப்படி உட்காருவான்?" என்று கேட்டேன். சிரித்தானே தவிர பதில் வரவில்லை.

இன்றைக்கு நான் பேச நினைப்பது அந்த இட்லியைப் பற்றித்தான். முதல் முறை வரைவது ஒரு படம், அவ்வளவே. அதே ஆளை மறுபடியும், வேறு இடத்தில், வேறு வேலையில் வரைய உட்காருகிறீர்களே, அங்கேதான் பாத்திரம் பிறக்கத் தொடங்குகிறது.

ஆர். கே. லக்ஷ்மணை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் அவருடைய தினசரிக் கேலிச்சித்திரம் தொடங்கியது. நாட்டு மக்களைக் காட்ட வேண்டும் என்பதால் ஆரம்பத்தில் படத்தின் ஓரத்தில் ஒரு கூட்டத்தையே நிறுத்திக்கொண்டிருந்தாராம். வங்காளி, பஞ்சாபி, தமிழர் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர். தினமும் மாலைக்குள் படம் கொடுத்தாக வேண்டும், இத்தனை பேரையும் வரைய நேரம் ஏது? ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார். கடைசியில் மிஞ்சியவர்தான் 'காமன் மேன்', அதாவது பொதுஜனம் என்ற அந்தக் கட்டம் போட்ட கோட்டுக்காரர். வழுக்கை, காதோரம் நரைமுடி, வட்டக் கண்ணாடி, புருவத்தை உயர்த்திய ஒரு திகைப்பு, கீழே வேட்டி.

திட்டம் போட்டு உட்கார்ந்து 'இதோ பொதுஜனம்' என்று யாரும் அவரை வடிவமைக்கவில்லை. அவசரம் செதுக்கிய உருவம் அது. ஆனால் எது நின்றது என்று பாருங்கள். மேலே கோட்டு, கீழே வேட்டி. இந்த ஆள் எந்த ஊர், எந்தச் சாதி, என்ன உத்தியோகம் என்று உங்களால் சொல்ல முடியாது. ஓரளவு படித்தவர், பணமில்லாதவர் என்று மட்டும் தெரிகிறது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரிடமிருந்தும் ஊர் அடையாளத்தைத் துடைத்துவிட்டால் மிஞ்சுகிற ஆள் அவர் என்பது என் எண்ணம்.

அப்புறம், அவர் பேசவே மாட்டார். மந்திரி பேசுவார், அதிகாரி பேசுவார், வீட்டில் அவருடைய மனைவிகூடப் பேசுவார். இவர் பார்த்துக்கொண்டே நிற்பார். பேசாத ஒரு ஆளை ஐம்பது ஆண்டுக்கு மேல் தாங்கியிருக்கிறது அந்தப் பத்திரிகை. புனேயில் அவருக்குச் சிலைகூட வைத்தார்கள். தலைவர்களின் சிலையைக் காக்கைக்கு விட்டுவிட்ட நாட்டில், கற்பனை மனிதர் ஒருவருக்குச் சிலை! காக்கை என்றதும் ஞாபகம் வருகிறது, லக்ஷ்மணுக்குக் காக்கை வரைவதில் தீராத மோகம். நீங்களும் வரைந்து பாருங்கள். உடம்பு ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு என்பதால் வெளிக்கோட்டை மட்டும் நம்பித்தான் அதற்குக் குணம் கொடுக்க முடியும். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

நம்முடைய பக்கத்துக்கு வருவோம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது, படம் போட்டவர் மணியம். அந்தக் கதையில் சரித்திரத்திலிருந்து வந்தவர்களும் உண்டு, கல்கியின் கற்பனையும் உண்டு. வந்தியத்தேவன் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறது. பெயர்தான் இருக்கிறது, முகமோ குணமோ அங்கே இல்லை. ஆழ்வார்க்கடியானுக்குக் கல்வெட்டும் கிடையாது. முழுக்கக் கற்பனை.

ஆனால் படித்தவர்களைக் கேளுங்கள், வந்தியத்தேவன் மூக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தயங்குவார்கள். ஆழ்வார்க்கடியானைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். குட்டை, கட்டையான உடம்பு, முன்குடுமி, உடம்பெல்லாம் நாமம், கையில் ஒரு குறுந்தடி. உள்ளே மை ஊற்றி முழுக்கக் கறுப்பாக்கினாலும் அவரைத் தெரிந்துவிடும். அனிமேஷன் படிக்கிறவர்கள் இதை சில்லவுட் சோதனை என்பீர்கள்.

உருவம் மட்டும் போதுமா? போதாது. இரண்டாம் அத்தியாயத்திலேயே அவரைக் கொண்டுவருகிறார் கல்கி. எப்படி வருகிறார்? நடுத்தெருவில் சண்டை போட்டுக்கொண்டு! ஒரு சைவரோடும் ஒரு அத்வைதியோடும் வாதம், சுற்றிக் கூட்டம், கையில் தடி வேறு. முன்குடுமியும் தடியும் அந்தச் சண்டைக்குள் வந்துவிடுவதால் அவை அலங்காரமாக நிற்பதில்லை. பிறகு நூறு அத்தியாயம் தாண்டி இருட்டில் ஒரு மரத்தடியில் ஒரு குட்டை உருவம் நின்றாலும் வாசகனுக்குப் போதும்.

இதை நான் அடிபட்டுக் கற்றேன். வாரப் பத்திரிகைத் தொடர்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தவன் நான். ஒரு தொடரின் முதல் வாரத்தில் கதாநாயகிக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் வைத்தேன். அழகாக இருந்தது. மூன்றாவது வாரம் அது வலது கன்னத்துக்குப் போய்விட்டது. எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு வாசகர் கார்டில் எழுதியிருந்தார்: 'ஓவியருக்கு வணக்கம். மச்சம் எப்போது வீடு மாறியது?' ஆசிரியர் குழுவில் அந்தக் கார்டை என் மேஜைக்கு மேலேயே ஒட்டிவைத்தார்கள். ரொம்ப நாள் இருந்தது.

ஏன் மறந்தேன் என்று பின்னால் யோசித்தேன். அந்த மச்சத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சும்மா ஒட்டவைத்தது.

இன்னொரு தொடரில் நேர்மாறாக நடந்தது. அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி: 'கண்டக்டர் விசில் ஊதினார்.' பேர்கூடக் கிடையாது. நான் தினமும் போகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர் காதில் பென்சில் செருகியிருப்பார். ஸ்டேஜ் வந்தால் டிக்கெட் நம்பர் குறிக்க வேண்டும், பென்சிலைத் தேடிக்கொண்டிருக்க முடியாதே. காலருக்குள் கைக்குட்டை. வாய் நிறைய விசில் இருப்பதால் கண்ணாலேயே பேசுவார். அப்படியே போட்டேன். அடுத்த வாரம் எழுத்தாளர் போன் செய்தார். "அந்தக் காதுப் பென்சில்காரன் யாருய்யா? அவனை நான் இறக்கிவிடப் போவதில்லை." அந்த ஆள் இருபது வாரம் வந்தார். ஒரு தடவைகூடப் பென்சில் அடுத்த காதுக்கு மாறவில்லை. வலது கையால் எடுக்க வசதியாக வலது காது. காரணம் இருந்தால் கை மறப்பதில்லை.

மிக்கி மவுஸ் கையுறையும் இப்படி வந்ததுதான். 1928-இல் வந்த எலிக்குக் கையுறை கிடையாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்புக் கை கறுப்பு உடம்புக்கு முன்னால் வந்தால் எதுவும் தெரியாது. மறுபடி மறுபடி வரைந்ததில் தொல்லை தெரிந்தது, 1929-இல் வெள்ளைக் கையுறை வந்தது. காதுகளைப் பாருங்கள், தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டும் முழு வட்டமாகவே இருக்கும். உடற்கூறு படித்தவருக்கு அது தப்பு. ஆனால் அந்தத் தப்பு இல்லாவிட்டால் அந்த எலி இல்லை.

எலியைச் சொல்லிவிட்டு முயலை விட முடியாது. அதற்கு முன் வால்ட் டிஸ்னியின் குழு ஆஸ்வால்டு என்ற முயலை வரைந்துகொண்டிருந்தது. நல்ல வரவேற்பு. கூடுதல் பணம் கேட்கலாம் என்று 1928-இல் நியூயார்க் போன டிஸ்னிக்கு அங்கேதான் உறைத்தது, முயலின் உரிமை யூனிவர்சல் பட நிறுவனத்திடம் இருக்கிறது என்று. குழுவில் பெரும்பாலோரும் அந்தப் படங்களை விநியோகித்தவரோடு போய்விட்டார்கள். கூட நின்ற அப் ஐவர்க்ஸ்தான் மிக்கியை வரைந்தார். முயல் திரும்பி வந்தது 2006-இல், அதுவும் ஒரு விளையாட்டு வர்ணனையாளரை வேறு தொலைக்காட்சிக்கு விட்டுக்கொடுத்த பேரத்தில்!

சூப்பர்மேன் கதை இன்னும் மோசம். ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 1938-இல் 130 டாலருக்கு உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டார்கள். 13 பக்கக் கதை, பக்கத்துக்குப் பத்து டாலர். 1975-இல்தான் ஆண்டு உதவித்தொகையும் பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பொதுவாக முதலாளிதான் முதல் உரிமையாளர். நீங்கள் ஸ்டூடியோக்களில் சேரப்போகிறீர்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை வரைகலை தெரியாத, கணக்குத் தெரிந்த அத்தையிடம் ஒருமுறை காட்டுங்கள்.

சரி, பேச்சு போதும். நீங்கள் மாடி ஏறும்போது கீழே டீக்கடையில் ஒருவர் நின்றிருந்தார். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நோட்டை எடுத்து அவரை வரையுங்கள், ஐந்து நிமிடம். முடிந்ததும் தாளைத் திருப்பிப்போட்டு, முன்பக்கம் பார்க்காமல் இன்னொரு முறை வரையுங்கள். இந்தத் தடவை அவர் மழைக்கு ஒதுங்கி நிற்கிறார். மூன்றாவது தாளில் பஸ்ஸுக்கு ஓடுகிறார். மூன்றிலும் எது கூடவே வந்ததோ அதற்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். எது வழியில் விழுந்துவிட்டதோ, விழட்டும்.

டேப்லெட் வைத்திருப்பவர்கள் முந்தின லேயரை நகல் எடுக்கக் கூடாது, நான் சுற்றி வந்து பார்ப்பேன். அதற்கு முன் நானும் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். அவர் இன்னும் அங்கேயே நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.