4,000 கோடி ரூபாய் கேஸ் டெர்மினல்… வெளியே போக வழியே இல்லை!

ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். ஏசி ஹால், ஆயிரம் பேர் சாப்பிடும் டைனிங், வாசலில் யானை பொம்மை. எல்லாம் தயார். திறப்பு விழா அன்றுதான் பார்க்கிறார்கள், மண்டபத்துக்குப் போக ரோடே இல்லை.

சிரிக்காதீர்கள். 2013-ல் கொச்சிக்குப் பக்கத்தில், புதுவைப்பு என்ற இடத்தில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. 4,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. வருடத்துக்கு 50 லட்சம் டன் திரவ இயற்கை எரிவாயுவைக் கையாளக்கூடிய டெர்மினல். கப்பல் வந்து நிற்கலாம், வாயுவை இறக்கலாம், சேமிக்கலாம். ஆனால் அதை ஊருக்குள் கொண்டுபோகப் பெரிய பைப்லைன் இல்லை. பக்கத்தில் இருந்த சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் கொஞ்சம் போனது, அவ்வளவுதான். வருடக்கணக்கில் அதன் திறனில் பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை.

வணக்கம் மக்களே! பெட்ரோல் விலை ஒரு ரூபாய் ஏறினால் டீக்கடை வரை பேசுகிறோம், இயற்கை எரிவாயுவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று பேசிவிடுவோம்.

[திரையில்: சிலிண்டரும் சுவரில் பொருத்திய கேஸ் மீட்டரும்]

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது வேறு, குழாயில் வருவது வேறு. சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும். குழாயில் பெரும்பாலும் மீத்தேன். எங்கள் அடுக்குமாடிக்குப் பைப் கேஸ் வந்த அன்று, மெக்கானிக் தம்பி அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு பர்னருக்கு அடியிலும் இருந்த மிளகு அளவு பித்தளைத் துண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதுதான் ஜெட். நடுவில் ஊசி முனை மாதிரி ஓர் ஓட்டை. அதே மாதிரி இன்னொன்றை எடுத்து மாட்டினார். அதில் ஓட்டை கொஞ்சம் பெரியது. "அதே கேஸ்தானே தம்பி, எதுக்கு மாத்தறீங்க?" என்றேன். "இது நோஞ்சான் கேஸ் சார், அழுத்தமும் கம்மி. நிறைய வந்தாத்தான் அதே சூடு கிடைக்கும்" என்றார். பாடப் புத்தகத்தைவிடத் தெளிவு! இன்னொன்றும் சொன்னார்: சிலிண்டர் கேஸ் கசிந்தால் தரையோடு தவழும், இது கூரைக்கு ஏறும். அதனால் மேலே இருக்கும் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அடைத்துத்தான் வைத்திருந்தோம்.

சரி, நாட்டுக் கதைக்கு வருவோம். இந்தியா பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. அதில் மற்ற எந்த நாட்டையும்விட அதிகம் கத்தாரிலிருந்து. கடல் தாண்டி வாயுவை எப்படிக் கொண்டு வருவது? இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்ச நேரம் இங்கேயே உட்காரப் போகிறேன்.

[திரையில்: திரவ வாயுக் கப்பலின் படம்]

மீத்தேனை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் திரவமாகிவிடும். அளவு 600 மடங்கு சுருங்கும். பொரியைத் திரும்ப அரிசியாக்குவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டைப் பொரி சில படிகளுக்குள் அடங்கிவிடும். ஒரு டம்ளர் திரவத்தைக் கொண்டுவந்து இறக்கினால், 600 டம்ளர் வாயு.

அப்படியானால் கப்பலில் ராட்சத ஃப்ரிட்ஜ் இருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காலம்காலமாக ஓடும் பெரும்பாலான கப்பல்களில் அப்படி எதுவும் கிடையாது. நல்ல தடிமனான ஃபிளாஸ்க், அவ்வளவுதான். பிறகு எப்படிக் குளிர்ச்சி நிற்கிறது? நம் வீட்டு மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிரவைக்கிறதோ, அப்படி. பானையின் மேல் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கப்பலிலும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், மிச்சம் குளிர்ந்தே இருக்கும். ஆமாம், மைனஸ் 162-ல் கொதிக்கிறது!

சரி, அந்த ஆவி எங்கே போகும்? கப்பலின் எஞ்சினுக்கு. சுமக்கும் சரக்கையே கொஞ்சம் எரித்துக்கொண்டு ஓடுகிறது கப்பல். முறுக்கு விற்கப் போகிறவர் வழியில் பசித்தால் கூடையிலிருந்தே இரண்டு எடுத்துக் கடித்துக்கொள்வது மாதிரி. ஒரு நாளைக்கு அரை சதவீதம்கூடக் குறையாது, அதனால் முதலாளிக்கும் வருத்தமில்லை. யார் யோசித்தார்களோ, கையெடுத்துக் கும்பிட வேண்டும்!

இவ்வளவு சாமர்த்தியமாகக் கடலைக் கடந்து வந்த வாயு, கொச்சிக் கரையில் இறங்கிய பிறகு 450 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மங்களூருக்குப் போக முடியாமல் நின்றது. அதுதான் வேடிக்கை.

குஜராத்தைப் பாருங்கள். 2004-ல் தொடங்கிய தகேஜ் டெர்மினல் இன்றும் நாட்டிலேயே பெரியது, நன்றாக ஓடுகிறது. என்ன வித்தியாசம்? அங்கே குழாய் முதலில் வந்தது. 1974-ல் மும்பைக் கடலில் எண்ணெய் கிடைத்தது, கூடவே வாயுவும். அதைக் கரைக்குக் கொண்டுவந்து, ஹசீராவிலிருந்து மத்தியப் பிரதேசம் வழியாக உத்தரப் பிரதேசம் ஜகதீஷ்பூர் வரை எண்பதுகளிலேயே குழாய் போட்டார்கள். வழியில் ஆறு உரத் தொழிற்சாலைகள். 1984-ல் மத்திய அரசின் கெயில் நிறுவனம் பிறந்ததே இந்த வேலைக்காகத்தான். கத்தார் கப்பல் வந்தபோது வாங்க ஆளும் இருந்தது, கொண்டுபோக வழியும் இருந்தது. கொச்சியில் தலைகீழ். மண்டபம் முதலில், ரோடு பிறகு.

[திரையில்: கொச்சி முதல் மங்களூர் வரை சிவப்புக் கோடு]

குழாய் போடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? சட்டத்தைப் படித்தால் புரியும். 1962-ல் வந்த பெட்ரோலியக் குழாய்ச் சட்டம். இதன்படி அரசு உங்கள் நிலத்தை வாங்காது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறதா? அடுத்த வரி: குழாய் போகும் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது, மரம் நடக் கூடாது. பொதுவாக 20 மீட்டர் அகலம், நம் கணக்கில் 66 அடி. இழப்பீடு, சட்டத்தில் எழுதியிருப்பது சந்தை மதிப்பில் 10 சதவீதம்.

கடலை போடுகிறவர் சமாளித்துவிடுவார். தென்னை வைத்திருப்பவர் என்ன செய்வார்? தோப்பின் நடுவே 66 அடிக்கு வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு, அதில் இனி ஒரு கன்றுகூட ஊன்ற முடியாது. வங்கிக்காரர் அந்த நிலத்துக்குக் கடன் கொடுக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்?

பயமும் சும்மா வந்ததில்லை. 2014 ஜூனில் ஆந்திராவின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்தில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமத்தில் வாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைப் பார்த்த மனிதரிடம் போய் "பாதுகாப்பானது, கையெழுத்துப் போடுங்கள்" என்றால் போடுவாரா? கோழிக்கோடு மாவட்டம் முக்கத்தில் 2017-ல் பெரிய போராட்டம் நடந்தது. அப்புறம்தான் இழப்பீடு உயர்ந்தது. போராட்டக்காரர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று திட்டுவது சுலபம். என் கருத்தைக் கேட்டால், 10 சதவீதம் என்று எழுதியவர்தான் முதல் எதிரி. கடைசியில் காசர்கோட்டில் சந்திரகிரி ஆற்றுக்கு அடியில் துளை போடும் வேலையும் இழுத்தடித்து, 2021 ஜனவரி 5 அன்று ஒருவழியாகக் குழாய் திறக்கப்பட்டது.

இனி டெர்மினல் நிரம்பி வழியும் என்றுதானே நினைப்பீர்கள்? அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலும் ஓடியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்! ஏன்? விலை. 2020-ல் ஆசியச் சந்தையில் ஒரு யூனிட் 2 டாலருக்கும் கீழே கிடைத்த அதே சரக்கு, 2022-ல் உக்ரைன் போருக்குப் பிறகு 50 டாலரைத் தாண்டியது. தக்காளிகூட இப்படி ஆடியதில்லை. எந்தத் தொழிற்சாலைக்காரர் இதை நம்பி பாய்லரை மாற்றுவார்?

மின்சாரம் இன்னும் சோகம். 20,000 மெகாவாட்டுக்கு மேல் வாயு மின் நிலையங்கள் நாட்டில் நிற்கின்றன, மொத்த மின்சாரத்தில் அவற்றின் பங்கு வெறும் 2 சதவீதம் அளவில். ஆந்திரக் கடலோரத்தின் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2009-ல் வாயு பொங்கி வந்தது, அதை நம்பிக் கட்டினார்கள், 2014-க்குள் உற்பத்தி கால்வாசிக்குக் கீழே போய்விட்டது. நிலக்கரியோடு விலையில் போட்டி போட இறக்குமதி வாயுவால் முடியாது.

அப்படியானால் வாயுவை யார்தான் வாங்குகிறார்கள்? நீங்களும் நானும், சாப்பாட்டுத் தட்டு வழியாக! யூரியா. மீத்தேனிலிருந்து ஹைட்ரஜன், காற்றிலிருந்து நைட்ரஜன், இரண்டும் சேர்ந்து அம்மோனியா, அதிலிருந்து யூரியா. மணலி உரத் தொழிற்சாலையும் 2019-ல் எண்ணூர் டெர்மினல் வந்த பிறகு நாப்தாவை (கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் ஒரு திரவம்) விட்டு வாயுவுக்கு மாறியது. கத்தாரில் கிளம்பியது செங்கல்பட்டு வயலில் நெல்லாக நிற்கிறது என்றால் பாதி பேர் நம்ப மாட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

எண்ணூரிலும் அதே மண்டபக் கதைதான். முதல் சில ஆண்டுகளில் கால்வாசிகூட ஓடவில்லை. தூத்துக்குடி வரை நீளும் குழாய் துண்டு துண்டாகத்தான் வந்தது. கொச்சியிலிருந்து பெங்களூர் போகும் கிளைக்கு கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்ட விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013-ல் ஜெயலலிதா அரசு சொன்னது. 2016-ல் உச்ச நீதிமன்றம் குழாய் போடும் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது.

கொங்குப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் காட்டு வழியாகக் குழாய் போயிருந்தால், அந்த 66 அடியில் இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள், கடலையா, சோளமா, சும்மா கிடக்கிறதா? கமெண்டில் எழுதுங்கள், ஒரு போட்டோவும் அனுப்புங்கள். பத்துப் பேர் அனுப்பினால் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரில் வருகிறேன். இளநீர் மட்டும் குழாய்க்கு அந்தப் பக்கத்து மரத்திலிருந்து வெட்டி வையுங்கள்.