மூன்று மணி நேர நெருப்பு

சபையோருக்கு வணக்கம். காசிக்குப் போய்வந்தவன் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கோயில்களைப் பற்றி வேறு யாராவது அழகாகச் சொல்வார்கள். நான் சுடுகாட்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன். முன்வரிசைப் பாட்டிமார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் சாவு எப்படி நடக்கும்? பெட்டி வீட்டுக்கு வரும். தேவாரம் பாடி, வாய்க்கரிசி போடுவோம். அப்புறம் வரிசையாகக் கார்கள். தகன மண்டபத்தில் நமக்கென்று ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள், அடுத்த வீட்டார் வெளியே காத்திருப்பார்கள். என் அப்பாவுக்கு நான்தான் பொத்தானை அழுத்தினேன். பெட்டி நகர்ந்தது, கதவு மூடியது. பிறகு சாம்பலை வாங்கி, உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூனில் கரைத்தோம். முடிந்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கரும்புக் காட்டு வேலைக்கு நம்மவர்கள் முதல் கப்பலில் வந்திறங்கியது 1860இல். ஜோகன்னஸ்பர்க்கின் பிரிக்ஸ்டன் மயானத்தில் இந்துக்களுக்கென்று எரியுலை கட்ட 1918 ஆகிவிட்டது. இன்றும் நம்மில் பல குடும்பங்கள் புதைக்கத்தானே செய்கின்றன?

சரி, காசி. அங்கே கங்கைப் படித்துறையைக் கட்டம் என்பார்கள். கேதார கட்டத்தில் குமாரசுவாமி மடம் இருக்கிறது, குமரகுருபரர் வழி வந்தது. அங்கிருந்து படித்துறையோடு சில நிமிடம் நடந்தால் அரிச்சந்திர கட்டம். பெற்ற பிள்ளையை எரிக்க வந்த மனைவியிடமே மயானக் கூலி கேட்டானே, அந்த அரிச்சந்திரன் பெயரில். மணிகர்ணிகை என்ற இன்னொரு சுடுகாட்டுத் துறை இதைவிடப் பெரியது, கூட்டமும் அதிகம். நான் உட்கார்ந்தது இங்கேதான்.

முதலில் கண்ணில் பட்டது தராசு. ஆள் உயரத் தராசு. விறகை எடை போட்டுத்தான் விற்கிறார்கள். மொட்டை அடித்து வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பையன், இருபது வயது இருக்கும், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் ஒரு கட்டையை வைத்தார், எடுத்தார், அதைவிடச் சின்னதாக ஒன்றை வைத்தார். அப்பனை எரிக்கும் விறகின் எடையை மகன் கண்ணால் பார்க்கிறான். என் அப்பாவை எரித்தபோது எனக்கு வந்தது ஒரு ரசீதுதான், அதில் விறகும் இல்லை, எடையும் இல்லை.

நெருப்பை, சுடுகாட்டு வேலை செய்யும் டோம் சமூகத்தாரிடம் வாங்க வேண்டும், தீக்குச்சி கிழிப்பதில்லை. பையன் எரியும் புல்லோடு உடலை ஐந்து முறை சுற்றி வந்து கொள்ளி வைத்தான். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் சும்மா நின்றான். ஒரு மாடு வந்து மாலையைத் தின்றது. யாரோ செல்பேசியில் பேசினார்கள். அவன் மட்டும் அசையவில்லை. அந்த நேரத்தின் நீளம்தான் எனக்குப் புதிது.

டீ விற்றவர் எரிந்துகொண்டிருந்த மூன்று சிதைகளைக் காட்டி, “உங்கள் ஆள் எது?” என்றார். எதுவும் இல்லை என்றேன். “அப்புறம் என்ன பார்க்கிறீர்கள்?” என்றார். படம் எடுக்காதே என்று யாராவது அதட்டியிருந்தால்கூட இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டேன். கையில் கேமராவே இல்லை. ஆனாலும் பதில் வரவில்லை. டீக்குக் காசு கொடுத்தேன், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

கடைசியில் பையன் மூங்கிலால் கபாலத்தைத் தட்டினான். ஒரு கலயம் கங்கைத் தண்ணீரைத் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினான். திரும்பக் கூடாது என்பது முறை. என்னைக் கடந்து போகும்போது அவன்மேல் புகை வாசம் அடித்தது. அவன் பார்க்காமல் போன தணலை, அணைகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.