ஒயின் ஏன் வினிகராச்சு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

பெரம்பூர்லேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "கிறிஸ்துமஸுக்குன்னு 2 கிலோ பன்னீர் திராட்சைல ஒயின் போட்டேன். ஜாடி வாயத் துணியால கட்டி 21 நாள் வெச்சேன். திறந்தா வினிகர் வாசன. திராட்சை சரியில்லையா, ஈஸ்ட் சரியில்லையா?"

ரெண்டும் இல்லீங்கக்கா. காத்து. நம்ம வீடியோவ ரெகுலரா பாக்கறவங்க 'மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு'ன்னு சிரிப்பீங்க. பரவால்ல, இன்னொரு தடவ கேட்டுக்கோங்க.

மொத 5, 6 நாள் துணி போதும். அப்ப ஈஸ்ட் கார்பன் டை ஆக்சைட கொப்புளிச்சுத் தள்ளும், அதுவே மேல போர்வையா நிக்கும். ஆனா மேல மெதந்து வர்ற தோல காலைல, சாயங்காலம் ரெண்டு வேளையும் ஈரமில்லாத மரக்கரண்டியால உள்ள அமுக்கணும். விட்டா அது காஞ்சு, வினிகர் ஆக்குற கிருமி அங்கதான் குடியேறும். நுரை அடங்கினதும் கேஸும் குறையும். அப்பவும் துணிதான்னா காத்து உள்ள போகும், அந்தக் கிருமி சாராயச் சத்த அசிட்டிக் அமிலமா மாத்திடும். உங்க ஜாடில நடந்தது இதான். அத திருப்ப முடியாது. வடிகட்டி ஊறுகாய்க்கு வெச்சுக்குங்க.

அதனால 6ஆம் நாள் துணில வடிகட்டி, 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்துங்க. மிச்சத்த சின்ன பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல வைங்க, பின்னாடி நெரப்பத் தேவப்படும். மூடில ஓட்ட போட்டு, கொளத்தூர் மீன் கடைகள்ல கிடைக்கிற மீன் தொட்டி டியூப சொருகி, வெளிப்பக்கம் எம்-சீல் வைங்க. உள் முனை ஒயினத் தொடக்கூடாது, வெளி முனை ஒரு டம்ளர் தண்ணில முங்கியிருக்கணும். கேஸ் வெளிய போகும், காத்து உள்ள வராது. மூடிய சும்மா இறுக்கி வெச்சீங்கன்னா வெடிக்கும்.

இதவிட நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: சக்கர எவ்வளவு? கிலோவுக்குக் கிலோன்னு எல்லாரும் போடறாங்க. ஒரு லிட்டர்ல சுமார் 17 கிராம் சக்கர கரைஞ்சாதான் ஒரு சதவீதம் ஆல்கஹால். பேக்கரி ஈஸ்ட் 10, 12 சதவீதம் தொட்டதும் களச்சுடும். கிலோவுக்குக் கிலோன்னா முக்கால்வாசி அப்படியே நிக்கும், பாகு மாதிரி இருக்கும். அளவு சொல்றேன்: திராட்சை 2 கிலோ, கொதிச்சு ஆறின தண்ணி 1 லிட்டர், சக்கர 300 கிராம், ஒரு எலுமிச்சை சாறு. ஈஸ்ட் அரை டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணில 15 நிமிஷம் ஊறவெச்சது. மெட்ரோ வாட்டர்ல குளோரின் இருக்கும், அதான் கொதிக்க வைக்கச் சொல்றேன். திராட்சைய கையால நசுக்குங்க. மிக்ஸில விதை ஒடஞ்சு கசக்கும். அலுமினியம், பித்தளப் பாத்திரம் வேண்டாம், ஊறுகாய் ஜாடியே போதும். கோதுமை போடறது பழைய வழக்கம், அது இல்லாமயும் நல்லாவே வரும்.

அப்புறம் சூடு. 35 டிகிரி தாண்டினா ஈஸ்ட் தவிச்சு, நாத்தம் கிளப்பும். அதனால சென்னைல டிசம்பர், ஜனவரிதான் வசதி. வெயில் நாள்ல போட்டே ஆகணும்னா, ஜாடிய ஒரு பெரிய பேசின் தண்ணிக்குள்ள வெச்சு, ஈரத்துணி சுத்துங்க.

இன்னொண்ணு, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937, அனுமதியில்லாம மது தயாரிக்கறத குத்தம்னுதான் சொல்லுது. தெரிஞ்சுக்குங்க. காய்ச்சி வடிக்கற வேலைக்குப் போகவே போகாதீங்க, அது வேற ஆபத்து.

டம்ளர்ல குமிழி நின்னு, அடில வண்டல் தங்கறதுக்கு ரெண்டு, மூணு வாரம் ஆகும். அப்ப பாட்டில ஆட்டாம, சுத்தமான இன்னொரு டியூப் வழியா தெளிஞ்சத மட்டும் வேற பாட்டிலுக்கு இறக்குங்க. கொறஞ்ச எடத்த ஃப்ரிட்ஜ்ல வெச்ச மிச்சத்தால கழுத்து வரைக்கும் நெரப்பிடுங்க.