ஒருவன் ஓடினால் கேட்டோடு

(சிகாகோ வட்டாரத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பெற்றோருக்கும் உயர்நிலை மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, ஞாயிறுதோறும் ஊதியம் வாங்காமல் உயிரெழுத்திலிருந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புரவலர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று நமக்கெல்லாம் பொங்கலும் வடையும் தந்த தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் தந்தைமார்களே, எல்லோருக்கும் மேலாகப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம். விழாவுக்கு இந்த அரங்கை விட்டுக்கொடுத்த பொது நூலகத்தாருக்கும் நன்றி.

‘ஊர் ஓடினால் ஒத்தோடு, ஒருவன் ஓடினால் கேட்டோடு.’ இதன் முதல் பாதியை நாம் நன்றாகவே கடைப்பிடிக்கிறோம். இரண்டாம் பாதியைப் பற்றித்தான் இன்று பேச்சு. மூன்று செய்திகள் சொல்ல எண்ணம்: சிகாகோ பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் விண்ணப்பப் படிவத்துக்காக வாதாடிய கதை, அந்தப் படிவத்தை நிரப்பும் முறை, எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வு மதிப்பெண் இல்லாமல் விண்ணப்பிக்கலாம் என்று 2018இல் அந்தப் பல்கலைக்கழகம் எடுத்த முடிவு.

அமெரிக்காவில் 1975இல் பதினைந்து தனியார் கல்லூரிகள் சேர்ந்து ஒரு பொதுப் படிவம் உண்டாக்கின. அதுதான் காமன் ஆப். ஒருமுறை நிரப்பினால் பல கல்லூரிகளுக்கு அனுப்பலாம். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. ஊரே ஒரு பக்கம் ஓடியபோது நம் நகரின் ஹைட் பார்க் பகுதியில் இருக்கும் சிகாகோ பல்கலைக்கழகம் தன் படிவத்தை வைத்துக்கொண்டு, அதற்கு ‘அன்காமன் ஆப்’, பொதுவல்லாத படிவம், என்றே பெயர் சூட்டியது. 1989 முதல் 2009 வரை மாணவர் சேர்க்கைக்குத் தலைவராக இருந்த டெட் ஓநீல் அதைக் கண்போல் காத்தவர். அதில் வந்த கேள்விகளைக் கேளுங்கள். ‘புதன்கிழமையைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்பது ஒன்று. ராட்சதக் கடுகுச் சட்னி டப்பாவைத் தூண்டுதலாக வைத்து ஒரு கட்டுரை எழுதச் சொன்னது இன்னொன்று. இந்தக் கேள்விகளை அனுப்புபவர்கள் அங்கே படிக்கும் மாணவர்களும் படித்து முடித்தவர்களும். யார் தந்த கேள்வி, எந்த ஆண்டு வகுப்பு என்று கேள்விக்கு அடியிலேயே அச்சிடுவார்கள். படிவம் மாணவர் சொத்து என்ற உணர்வு வந்தது அதனால்தான்.

2006இல் ராபர்ட் ஜிம்மர் பல்கலைக்கழகத் தலைவராக வந்தார். பொதுப் படிவத்துக்கு மாறப்போவதாக அறிவிப்பு வந்தது. மாணவர்கள் கொதித்தார்கள். அவர்கள் வாதம் உணர்ச்சி மட்டுமல்ல. அந்தக் கேள்வியைப் பார்த்து ‘இது என்ன கூத்து’ என்று தள்ளிவைப்பவன் தானாக விலகுகிறான். ‘எழுதிப் பார்க்கலாமே’ என்று உட்காருகிறவன் வருகிறான். படிவமே சல்லடை. அப்போது பத்துப் பேர் விண்ணப்பித்தால் ஏறக்குறைய நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. இடம் எளிதாகக் கிடைத்ததே என்று அதற்கு மதிப்புக் குறையவில்லை, வரவேண்டியவர்கள்தான் வந்தார்கள். பொத்தானை அழுத்தினால் போதும் என்றாகிவிட்டால் விண்ணப்பம் பெருகும், மறுக்கப்படுபவர் கூட்டம் பெருகும், அதைத் தரம் என்று எண்ணிக்கொள்வார்கள் என்றார்கள். நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. வழிகாட்ட ஆளில்லாத பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குத் தனிப் படிவம் ஒரு தடைதான். அதை மறுக்க முடியாது.

2009இல் சேர வந்த வகுப்பு முதல் பொதுப் படிவம் வந்துவிட்டது. இன்று நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடமில்லை. ஆனால் கேள்விகள் சாகவில்லை. பொதுப் படிவத்தோடு சேர்த்து அந்தப் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கும் துணைப் படிவத்தில் இன்றும் இருக்கின்றன. அப்படி வந்த ஒரு கேள்வி இரண்டே சொல்: ‘எக்ஸைக் கண்டுபிடி.’

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு வந்தார். அது எங்கே இருக்கிறது? விஸ்கான்சினில், வில்லியம்ஸ் பேயில், ஏரிக்கரையில். அங்கிருந்து ஹைட் பார்க்குக்கு எண்பது மைலுக்குக் குறையாது. நாற்பதுகளின் சாலை. சனவரிப் பனி. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; போன வாரம் வாசலில் பனி வாரியவர்கள் நீங்கள். அந்தப் பனியில் காரை எடுத்துக்கொண்டு அவர் வகுப்பெடுக்க வருவாராம். வகுப்பில் எத்தனை பேர்? இரண்டு பேர்! இரண்டு பேருக்காக இத்தனை மைலா, வகுப்பை நிறுத்திவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அவர் நிறுத்தவில்லை. அந்த இரண்டு சீன மாணவர்கள் லீ, யாங். 1957இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு. வகுப்பு முழுவதற்கும் நோபல் பரிசு கிடைத்தது என்று இன்றும் அங்கே சொல்லி மகிழ்வார்கள். ஆசிரியருக்கு எப்போது கிடைத்தது? 1983இல். மாணவர்கள் வாங்கி இருபத்தாறு ஆண்டு கழித்து! தலை எண்ணிப் பார்க்காத அந்த மரபைத்தான் படிவத்துக்காகப் பேசிய மாணவர்களும் காப்பாற்ற நினைத்தார்கள். ஒருவன் ஓடினால் கேட்டோடு.

இனி நிரப்பும் முறை. பொதுப் படிவக் கட்டுரை 650 சொல்லைத் தாண்டக் கூடாது. 250க்குக் குறையவும் கூடாது. செயல்பாடுகளுக்குப் பத்துக் கட்டம், ஒவ்வொன்றிலும் விளக்கம் 150 எழுத்துக்குள். அதன்பின் சிகாகோவின் துணைப் படிவம். அதில் இரண்டு வேலை. ஒன்று, ‘இங்கே ஏன் படிக்க விரும்புகிறீர்கள்’ என்பது. இன்னொன்று அந்த வினோதக் கேள்வி. பட்டியலில் ஒன்றை எடுக்கலாம், பழைய ஆண்டுக் கேள்வியை எடுக்கலாம், சொந்தமாகவும் ஒரு கேள்வி உண்டாக்கலாம்.

பிழை எங்கே நேர்கிறது? வேறு கல்லூரிக்கு எழுதியதை வெட்டி ஒட்டுகிறார்கள். அந்தக் கல்லூரியின் பெயரும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. சிலர் வினோதக் கேள்விக்கு வினோதமாகவே பதில் சொல்ல வேண்டும் என்று கோமாளித்தனம் செய்கிறார்கள். கேள்விதான் விளையாட்டு, விடையில் சிந்தனை இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, காசு கொடுத்து ஆலோசகரிடம் திருத்துவது, அப்பா திருத்துவது, அக்கா திருத்துவது, இப்போது கணினியே எழுதுவது. நாலு கை பட்டால் கட்டுரை வழவழப்பாகிவிடும். பிள்ளையின் குரல் போய்விடும்.

புதன்கிழமைக் கேள்வி நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் என்ன எழுதலாம்? ‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது.’ பாட்டி சொன்னது. பொன் என்பது தமிழில் வியாழன் கோளுக்கும் பெயர். வியாழன் இரவு நெடுநேரம் ஒளிவிடும். புதன் கோளோ சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகித் தெரியாது. விடியலுக்கு முன்னோ மாலை மயங்கிய பின்னோ சிறிது நேரம் மட்டும் அடிவானத்தில் தலைகாட்டும். பழமொழி வானியலும் பேசுகிறது! இந்த ஒரு பத்தியை எந்த ஆலோசகராலும் தர முடியாது. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே வாய்க்கும். குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. இராமானுசன் பல்லாண்டு பாடம் சொன்ன வளாகம் சிகாகோ பல்கலைக்கழகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால்தான் நிர்வாகக் குழுவிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். தலைவர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். ஞாயிறு வகுப்பில் கடைசி இருபது நிமிடம். ஒரு கேள்விப் பெட்டி. பிள்ளைகளே கேள்வி எழுதிப் போட வேண்டும். அதில் ஒன்றைக் குலுக்கி எடுப்போம். ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டு. தமிழில், கையால், ஒரு பக்கம். கைபேசி வேண்டாம். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் திருத்த வேண்டாம். திருத்தினால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை தெரிந்த சொல்லை மட்டுமே எழுதும். ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத ஒரு வரியைத் தேடி அடிக்கோடிட வேண்டும். அப்படி ஒரு வரி கிடைக்காத வாரமும் வரும். அப்போது ‘இது நடந்தபோது நீ எங்கே நின்றாய்?’ என்று பக்கத்தின் ஓரத்தில் கேளுங்கள். அடுத்த வாரம் கிடைக்கும். நோட்டு பள்ளியிலேயே இருக்கட்டும், வீட்டுக்குப் போக வேண்டாம். பெற்றோர் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது கையில் இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். முன்கூட்டி விண்ணப்பிப்பவர்களுக்கான நவம்பர் முதல் தேதிக் கெடுவுக்கு முந்திய இரவில் வீட்டில் அழுகை இருக்காது.

தேர்வு மதிப்பெண் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெட்டியை வாசலில் வைத்திருக்கிறோம், பக்கத்தில் துண்டுத் தாளும் பென்சிலும் இருக்கின்றன. சாப்பிடப் போகும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி எழுதிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். வணக்கம்.