திரையில் ஓடுவதைப் பிடித்து வைப்போம்

நேயர்களுக்கு வணக்கம். கருப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடுவதை எங்காவது பார்த்திருப்பீர்கள். ரௌட்டர், சுவிட்ச் போன்ற நெட்வொர்க் கருவிகளை சீரியல் கேபிளில் கணினியோடு இணைத்து, கருவி அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் புட்டி மாதிரி ஒரு டெர்மினல் புரோகிராமைத் திறந்தால் வரும் காட்சி அது. அந்த எழுத்துகளை அப்படியே ஒரு கோப்பில் பிடித்து வைக்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்.

கண்ணை நம்பக் கூடாதா என்பீர்கள். கேபிளில் வழக்கமான வேகம் நொடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்குப் பத்து பிட் போனால், நொடிக்கு 960 எழுத்து. வரிக்கு எண்பது எழுத்து, இருபத்துநான்கு வரி உள்ள திரையில் 1920 எழுத்து கொள்ளும். ஆக, இரண்டே நொடியில் திரை மொத்தமும் மாறிவிடும். எதைப் படிப்பது?

ஓர் அலுவலகத்தில் சுவிட்ச் ராத்திரியில் தானாக அணைந்து அணைந்து எழுந்தது. பகலில் போய்ப் பார்த்தால் சமர்த்தாக ஓடும். அதன் நினைவகத்தில் இருந்த செய்திகளோ ஒவ்வொரு முறை அணையும்போதும் அழிந்துவிடும். பழைய லேப்டாப் ஒன்றை அதோடு இணைத்து, புட்டியின் லாகிங், அதாவது பதிவு, பக்கத்தில் வருவதையெல்லாம் பதியச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் கோப்பைத் திறந்தால், வெப்பநிலை எச்சரிக்கை நாலைந்து வரி. அதற்கு அடுத்ததே பூட் ஆகும், அதாவது மறுபடி எழும், செய்தி. வாட்ச்மேனைக் கேட்டோம். "எட்டு மணிக்கு ஏசியை நான்தானே சார் நிறுத்துறேன், கரண்ட் பில் கூடுதுன்னு சொன்னாங்க" என்றார். சரி, வழக்கு முடிந்தது!

அதனால்தான் சொல்கிறேன்: முதலில் பதிவு, பிறகு இணைப்பு. நடுவில் தொடங்கினால், அதற்கு முன் ஓடியது கோப்பில் வராது.

இது ஒன்றும் புதிய வசதி இல்லை. 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த கெர்மிட் என்ற புரோகிராமில் இதற்கென்றே 'லாக் செஷன்' என்று ஒரு கட்டளை உண்டு. விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை கூடவே வந்த ஹைப்பர்டெர்மினல் என்ற டெர்மினல் புரோகிராமில் அதற்குப் பெயர் 'கேப்சர் டெக்ஸ்ட்'. மறுபடியும் சொல்கிறேன், முதலில் பதிவு.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அதே பெயரில் கோப்பு இருந்தால் அழித்து எழுதவா, கடைசியில் சேர்க்கவா என்று புட்டி கேட்கும், சேர்க்கச் சொல்லுங்கள். லினக்ஸில் ஓடும் மினிகாம் என்ற டெர்மினல் புரோகிராமில் பதிவைத் தொடங்க, கன்ட்ரோல் ஏ, அப்புறம் எல் அழுத்துங்கள். கோப்பை யாருக்காவது அனுப்புமுன் உள்ளே கடவுச்சொல் கிடக்கிறதா என்று தேடிவிடுங்கள். நன்றி, வணக்கம்.